இடப்பக்கம் திரும்பப் பழகினேன்

என்னங்க,

பத்து வருஷம் இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்தில் மட்டும் வேறு எப்படித் தொடங்குவது? பக்கத்தில் நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும்.

நீங்கள் போய் ஏழு மாசம் ஆகிறது. மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினோராம் நாள் உங்களைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். வந்தவர்கள் என்னைக் கட்டிக்கொண்டு கதறினார்கள். நானோ அவர்களுக்குக் காபி போட பால் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சுக்காரி என்று உங்கள் அக்கா சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளினால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கிறேன்.

இங்கத்திச் சேதி சொல்கிறேன். தினமும் காலையில் நீங்கள்தானே என்னைப் பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கிவிடுவீர்கள். இப்போது செங்கம் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் நடக்கிறேன். வாரத்தில் நாலு நாள் லேட். ஹெட்மாஸ்டரும் எத்தனை நாள் பொறுப்பார்?

"டீச்சர், இனிமே லேட்டானா மேல எழுதறதைத் தவிர எனக்கு வேற வழி இல்லீங்க. எங்கனா தூரமா மாத்திடுவாங்க" என்றார்.

மாற்றல் வந்தால் பிள்ளை முரளியைக் கூட்டிக்கொண்டு இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும். உங்கள் சட்டை இன்னும் அந்த ஆணியிலேயே தொங்குகிறது. வீட்டை விட மாட்டேன். அதனால் கோணி போட்டு மூடி வைத்திருந்த உங்கள் மொபெட்டைத் துடைத்தேன். லைசென்ஸுக்கு முன்னால் தருகிற எல்.எல்.ஆருக்கு எழுதிப் போட்டேன்.

ரோட்டு அடையாளங்கள் அச்சடித்த அட்டை ஒன்று வாங்கினேன். நம் பிள்ளைதான் வாத்தியார். ஹாரன் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தால் என்ன, முக்கோணத்துக்குள் ரெண்டு பிள்ளைகள் நடந்தால் என்ன என்று கேட்டுக்கொண்டே இருப்பான். தப்பாகச் சொன்னால் ஸ்கேலை எடுக்கிறான். ஒன்பது வயசுக்கு அந்த அதட்டல் ஜாஸ்திதான். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா?

ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு முதல் தடவை போனபோது வரிசையில் நான் ஒருத்திதான் பொம்பளை. பிரேக் இன்ஸ்பெக்டர் காட்டிய படத்துக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னேன்.

"ரைட்ல திரும்பணும். கையைக் காட்டுங்க."

நீட்டினேன்.

"லெஃப்ட்டு?"

வலது கையை நீட்டி இடஞ்சுழியாகச் சுழற்ற வேண்டும். அட்டையில் படித்தது வாயில் இருந்தது, கைக்கு வரவில்லை. சும்மா நீட்டிக்கொண்டே நின்றேன்.

"ஏம்மா, நீங்க லெஃப்ட்லயே திரும்ப மாட்டீங்களா?" என்று சிரித்துவிட்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் உறைத்தது. அவர் சொன்னது நிஜம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் எங்கே எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தீர்கள்? கோயிலைச் சுற்றி மாட வீதியில். மலையைச் சுற்றினாலும் கோயிலைச் சுற்றினாலும் இந்த ஊரில் வலமாகத்தானே போவோம்! எட்டு ஞாயிறு, நாலு முனை, எல்லாம் ரைட்டு. ஒரு தடவைகூட லெஃப்ட்டில் திரும்பியதில்லை. நான்தான் புதுசு, பின்னால் உட்கார்ந்திருந்த உங்களுக்குமா தோன்றவில்லை? உங்கள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. சண்டை போட ஆள் இல்லை.

போன ஞாயிறு விடிந்ததும் வண்டியை எடுத்தேன். எல்.எல்.ஆர். இல்லாமல் ஓட்டுவது தப்பு, தெரியும். மாட வீதியில் எதிர்த் திசையில் திருப்பினேன். ரெண்டாவது முனையில் கூடையை இறக்கிக்கொண்டிருந்த பூக்காரம்மா பதறிவிட்டாள்.

"இன்னா டீச்சரம்மா, இப்படிப் போறீங்க! சாவுக்குத்தான்மா இடமாச் சுத்துவாங்க!"

"பரீட்சைக்குப் பழகறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அடுத்த முனைக்குள் அந்த வார்த்தை வந்து பிடித்துக்கொண்டது. உங்களைத் தூக்கிக்கொண்டு போனபோது தெருமுனையோடு என்னை நிறுத்திவிட்டார்கள். பொம்பளைகள் சுடுகாட்டுக்கு வரக் கூடாதாம். அங்கே நடந்ததை முரளி வந்துதான் சொன்னான். தோளில் தண்ணீர்க் குடத்தோடு மூன்று சுற்று இடமாகச் சுற்றச் சொன்னார்களாம், குடம் கனத்ததாம். நான் உங்களை ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லையேங்க.

முதல் சுற்று பரீட்சைக்கு. அதற்கப்புறம் மூன்று சுற்று உங்களுக்கு. ஒவ்வொரு முனையிலும் ஆக்ஸிலேட்டரை விட்டுக் கையை நீட்டிச் சுழற்றினேன். வண்டி தானாகவே மெதுவாகும், மெதுவாகத் திரும்பினேன். சுழற்றிச் சுழற்றித் தோள் வலித்தது. ஏழு மாசத்தில் எனக்கு வலித்தது அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன். "லெஃப்ட்டு" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் கை சுழன்றது. எல்.எல்.ஆர். கொடுத்துவிட்டார். முரளி அதை உங்கள் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறான். லைசென்ஸுக்கு இன்னும் வண்டியில் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும். போட்டுவிடுவேன்.

ஒன்று சொல்கிறேன், நம்புங்கள். லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஒரு நாள் லீவு போடுவேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, நம் வீட்டிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு உங்களுக்காக அழுவேன். கட்டாயம் அழுவேங்க.

முரளியின் அம்மா,
உங்கள் சரசு