பக்கம் திருப்பும் மணி

அன்புள்ள புத்தகக்காரிக்கு,

நானும் நம்ம சின்ன வாலுவும் இங்கே சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதை முதல் வரியில் எழுது, மற்றதெல்லாம் அப்புறம். போன கடிதம் முழுக்க நூல்களை வகைப்படுத்தும் பாடத்தில் மார்க் குறைந்துபோன புலம்பல்தான். உடம்பைப் பற்றி மூச்சு விடவில்லை. வகுப்பில் கூடப் படிக்கிற சின்னப் பிள்ளைகள் எல்லாம் அக்கா அக்கா என்று கூப்பிடுகிறார்கள், அக்காவே தடுமாறினால் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டிருந்தாய். சிரித்தால் சிரிக்கட்டும். வேலை, வீடு, பிள்ளை எல்லாம் பார்த்துவிட்டு இந்த வயதில் பரீட்சை ஹாலில் போய் உட்காரட்டும், அப்போது பார்க்கலாம் அவர்கள் சிரிப்பை.

தினம் ஃபோனில்தான் பேசுகிறீர்களே, கடிதம் வேறு எதற்கு என்று மாடி வீட்டு நர்ஸ் அக்கா கேட்கிறார். அவருக்கென்ன, கேட்டுவிட்டுப் போய்விடுவார். ஃபோன் அடித்த சத்தம் கேட்டாலே வாலு ஓடிவந்து மடியில் ஏறிவிடுகிறாள். ஸ்பீக்கரில் போடு என்று ஒரே பிடிவாதம். அவள் காதுபட நாம் எந்தக் கவலையைப் பேசுவது?

வேலை பரவாயில்லை. ஒரு வீட்டில் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே விடவில்லை என்று போய்க் கழற்றினால், குழாயில் ஒரு பொம்மையின் கை மாட்டிக்கொண்டு கிடக்கிறது. அந்த வீட்டு அம்மா பேச்சுவாக்கில் உன்னைப் பற்றிக் கேட்டார். குழந்தைகள், இளைஞர்களுக்கான நூலகச் சேவை என்று ஒரு பட்டப்படிப்பு படிக்கிறாள் என்றேன். பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஒரு டிகிரியா என்று சிரித்தார். துணி துவைக்கவே உங்களுக்கு இத்தனை பட்டன் வச்ச மெஷின் வேணுமே அம்மா, பிள்ளைக்குப் படிப்பு ருசி காட்ட ஒரு படிப்பு வேண்டாமா என்று கேட்டேன். அவர் உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

இப்போது பெரிய செய்தி. வாலு வாசிக்கிறாள்! பயிற்சிக்காக நீ கதை வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறாயே, ஒவ்வொரு பக்கமும் முடியும்போது ஒரு சின்ன மணி அடிக்கிறாயே, அந்த மணிக்குப் பக்கம் திருப்பித் திருப்பி இப்போது உன் குரல் இல்லாமலே வாசிக்கிறாள். நண்டு செருப்பு வாங்கப் போன கதையை நர்ஸ் அக்காவுக்கு முழுசாக வாசித்துக் காட்டினாள். வாயாலேயே டிங் என்று மணி அடித்துக்கொண்டு பக்கம் திருப்புகிறாள். ஏழு வயசுக்கு இது அதிகம், கண்ணு பட்டுடப் போகுது என்றார் அக்கா. எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த மணி முறையைத்தான் ஆய்வுக் கட்டுரைக்கு எடுத்திருக்கிறேன் என்றாயே, தாராளமாக எழுது. வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

ஒன்றே ஒன்றுதான். வேறு புத்தகம் ஏதாவது எடுக்கிறாளா என்று நீ கேட்டிருந்தாய். எடுப்பதில்லை. புதுசாக ஒன்றை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பிடித்ததையே பிடித்துக்கொண்டிருப்பது குழந்தைகள் சுபாவம் என்று நீதானே சொல்வாய்? அப்படித்தான் இருக்கும். ஆனாலும் ஏதோ ஒன்று மனதில் நெருடுகிறது. நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் என்று உனக்குத்தான் தெரியுமே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மெக்கானிக்

*

அன்புள்ள புத்தகக்காரிக்கு,

முதலில் ஒன்று. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பிள்ளை நன்றாக இருக்கிறாள், சாப்பிடுகிறாள், என்னை அதிகாரம் பண்ணுகிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தரையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வாலு பக்கத்தில் உட்கார்ந்து நண்டுக் கதையை எனக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். நண்டு கடைக்குள் போயாயிற்று, கடைக்காரர் எட்டுக் காலுக்கு எத்தனை ஜோடி என்று குழம்பியாயிற்று. நான் சும்மா எட்டிப் பார்த்தேன். அவள் முன்னால் விரிந்திருந்த பக்கத்தில் கடையே இல்லை. நண்டு வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுத்திருக்கிறது. கையில் வாங்கிப் பார்த்தேன். ஜாம் ரொட்டி தின்ற கையோடு எடுத்திருக்கிறாள் போல, நடுவில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கடை வருகிற பக்கமே ஒட்டின பக்கத்துக்குள் இருக்கிறது. திறக்காத பக்கத்தை என் மகள் வாசித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றும் தெரியாத மாதிரி நூலகத்திலிருந்து எடுத்து வந்த வேறொரு புத்தகத்தைக் கொடுத்து, இதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டேன் என்றேன். படத்தைப் பார்த்தாள். ஒரு ஊர்ல ஒரு மாமா இருந்தாரு என்று சொந்தமாக ஒரு கதையை விட்டாள். நான் எழுத்தின்மேல் விரலை வைத்தேன். விரலையே பார்த்தாள். வயிறு வலிக்குது என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். வயிறு வலிக்கவில்லை என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

மறுநாள் வகுப்பு டீச்சரைப் போய்ப் பார்த்தேன். அவரும் அப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார். எல்லாரும் சேர்ந்து சத்தமாக வாசிக்கும்போது இவள் குரல்தான் முதலில் கேட்குமாம், அதனால் சந்தேகமே வரவில்லையாம். தனியாக எழுப்பி வாசிக்கச் சொன்னபோதுதான் தெரிந்ததாம். ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினால் சொல்கிறாள், சேர்த்து வைத்தால் முழிக்கிறாள். அதிலும் கொம்பு போட்ட எழுத்து வந்தால் ஒரே சண்டையாம். கொம்பு முன்னாடிதானே நிக்குது, அப்புறம் எதுக்கு அதைப் பின்னாடி சொல்லணும் என்று டீச்சரையே கேட்டிருக்கிறாள். டீச்சர் நல்ல மாதிரிதான். சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் நாளாகும், கண்ணை ஒரு தடவை காட்டிவிடுங்கள், வருஷக் கடைசியில் மறுபடி பார்ப்போம், அப்போதும் வரவில்லை என்றால் இதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்காரட்டும் என்றார். கண்ணைக் காட்டிவிட்டேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை. இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன், கண்ணாடி வாங்கிப் போட்டிருக்கலாமே.

இதை உன்னிடம் சொல்வதா வேண்டாமா என்று அல்லாடினேன். பரீட்சை வருகிறது. உன் கட்டுரையே இந்த மணியை நம்பித்தான் நிற்கிறது, பேராசிரியை வேறு தட்டிக்கொடுத்தார் என்றாய். நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். பெத்தவ கிட்ட மறைச்சு வச்சு என்ன வைத்தியம் பண்ணப்போற என்று ஒரு அதட்டல் போட்டார். சரிதான். அங்கே நீ நாலு பேர் முன்னால் எழுந்து நின்று என் மகள் இப்படித்தான் வாசிக்கக் கற்றுக்கொண்டாள் என்று சொல்வதற்குள் உனக்கு இது தெரிந்தாக வேண்டும்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்று நீ எழுது. சொன்னபடி செய்கிறேன். ஒன்று மட்டும், இடிந்துபோய் உட்கார்ந்துவிடாதே.

இந்தக் கடிதத்தை வாலுதான் தபால் பெட்டியில் போடப்போகிறாள். கடிதம் போடுவது அவள் வேலை, வேறு யாரும் தொடக்கூடாது. மேஜைமேல் திறந்தே கிடக்கிறது, அவளும் பக்கத்தில்தான் நிற்கிறாள். மறைக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதை நினைக்கும்போதுதான் என்னவோ செய்கிறது.

இப்படிக்கு,
உன் மெக்கானிக்

*

அன்புள்ள புத்தகக்காரிக்கு,

உன் கடிதம் வந்தது. அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய். எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

நீ கிளம்புகிற அன்றைக்கு, ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று நான்தான் பெருமையாக ஒரு பழமொழியை எடுத்துவிட்டேன். அதையே எடுத்து இப்போது என் முகத்தில் எறிந்திருக்கிறாய். எங்கே வளர்ந்தது, என் பிள்ளை கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறது, அது தெரியாமல் நான் இங்கே அலமாரி குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்க வேண்டும் என்று பாடம் படிக்கிறேன், பெரிய பிள்ளைகளுக்குத் தனி மூலை எப்படி அமைப்பது என்று படம் வரைகிறேன், கைப்பொம்மை தைக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். நீ சொல்வது நியாயம் மாதிரியேதான் இருந்தது.

ஆனால் உன் பேராசிரியை சொன்னதையும் நீதான் எழுதியிருக்கிறாய். நடந்ததை நடந்தபடியே கட்டுரையில் எழுது, மணி கேட்டுப் பக்கம் திருப்புகிற குழந்தை எழுத்தைப் பார்க்காமலே போகலாம் என்பது இங்கே பல பேருக்குத் தெரியாது, தெரியட்டும் என்றாராம். அப்படிச் சொன்னவர் முகத்தைப் பார்த்து, நான் பரீட்சை எழுதவில்லை, ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாயே, உன்னை என்ன செய்வது?

நீ முந்தின கடிதத்தில் சொன்னதை எல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறேன். மணியை நிறுத்தியாயிற்று. அவளை வாசி என்று சொல்வதே இல்லை. நானே வாசிக்கிறேன், எழுத்துக்கு அடியில் விரலை வைத்துக்கொண்டு, அவளுக்கும் எனக்கும் தெரியாத புதுப் புத்தகத்தை. பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து மெஷினோடு வருகிற விளக்கத்தாளைத் தவிர நான் என்னத்தை வாசித்தேன்? இழுத்து இழுத்து வாசிக்கிறேன். பேய்க் கதையாக இருந்தாலும் என் குரலில் கேட்டால் மோட்டார் ரிப்பேர் மாதிரிதான் இருக்கிறது. முதல் வாரம் வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மா மாதிரி படி என்றாள். அம்மா மாதிரி படிக்க அம்மாதான் வரணும், நான் வேணா அப்பா மாதிரி படிக்கிறேன் என்றேன். இப்போது நான் ஒரு வரியைத் தாண்டிக் குதித்தால் கையைப் பிடித்து இழுத்து, இங்க ஏதோ இருக்கு என்று காட்டுகிறாள். என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது. எனக்கு அதுவே பெரிசாகப் படுகிறது. உன் படிப்பில் இதற்கு என்ன பெயரோ.

கொம்பு விஷயத்தையும் பேசித் தீர்த்தோம். தீர்த்தோம் என்றால், நான் தோற்றேன். ஸ்க்ரூவைக் கையில் எடுக்கிறதுக்கு முன்னாடி ஸ்க்ரூடிரைவரை எடுத்து வச்சுக்கிற மாதிரிதான்னு வச்சுக்கோ என்றேன். யோசித்துவிட்டு, சரி, உனக்காக ஒத்துக்கிறேன் என்றாள். வாயைப் பார்!

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வருஷக் கடைசி வந்துகொண்டே இருக்கிறது. டீச்சரைத் தெருவில் பார்த்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடுகிறேன். நீ இங்கே இருந்தால் எனக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் நீயாக இருக்குமோ என்று நினைத்துக்கொண்டுதான் திறக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன். பாதியில் வராதே. உன்னால் ஒரு பிள்ளை வாசிக்காமல் போனது என்று நீ நினைத்துக்கொண்டு வந்தால், அந்த நினைப்போடு அவள் பக்கத்தில் உட்காருவாய். அவள் ஒவ்வொரு எழுத்துக்கும் உன் முகத்தைத்தான் பார்ப்பாள். வேண்டாம். வராதே.

இந்த இடத்தில் எழுதுவது நின்றுபோயிற்று. என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேள்.

வாலு என் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை. எப்போதும் நிற்பவள்தானே, அவளிடம் எதை மறைத்தேன்? சின்னக் கை ஒன்று தோளுக்கு மேலே வந்தது. கடைசி வார்த்தைக்கு அடியில் விரலை வைத்தாள். வ என்றாள். அப்புறம் ரா என்றாள். அப்புறம் விரல் கொம்பில் வந்து நின்றுவிட்டது. நான் திரும்பவில்லை. தே என்றாள். இன்னொரு தடவை மூன்றையும் சேர்த்து முணுமுணுத்தாள்.

பிறகுதான் அவளுக்கு அர்த்தம் புரிந்தது. அப்பா, யாரை வராதேன்னு எழுதியிருக்க என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், அம்மாவையா என்றாள்.

அம்மாடி, அந்த அழுகை! நீ கேட்டிருந்தால் அப்போதே பஸ் ஏறியிருப்பாய். நானும் அழுதேன். அவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குத் தெரியும், நான் எதற்கு அழுகிறேன் என்று அவளுக்கு விளங்கவில்லை. நீ எதுக்குப்பா அழற, நீதானே வராதேன்னு சொன்ன என்று என்னை இரண்டு அடி வைத்தாள். உன் மகள் வாசித்தாள் என்று நான் இரண்டாவது தடவை எழுதுகிறேன். இந்தத் தடவை நான் பார்த்தேன். யாரும் அவளுக்கு முன்னால் சொல்லிக்கொடுக்காத வார்த்தை, அவள் கேட்கவே விரும்பாத வார்த்தை.

அந்த வார்த்தையைக் கோடு போட்டு அடி என்றாள். அடிக்க மாட்டேன் என்றேன். அப்படியென்றால் கடிதத்தைப் பெட்டியில் போட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தபால்காரியே வேலை நிறுத்தம் செய்தால் நான் என்ன செய்வேன்? அம்மாவுக்குப் பரீட்சை இருக்கு, எழுதிட்டுத்தான் வரணும், அதுவரைக்கும்தான் வராதே என்று பக்குவமாகச் சொன்னேன். அப்படின்னா அதையும் சேர்த்து எழுது, சும்மா வராதேன்னு எழுதினா அம்மா பயந்துக்க மாட்டாளா என்றாள். பென்சிலை எடுத்தாள், தானே எழுதுவேன் என்று உட்கார்ந்தாள், பரீட்சை என்று நான் எழுதிக் காட்டியதைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிட்டாள். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். அவளுக்கு வராததை எல்லாம் நான் எழுதிவிட வேண்டும். வருகிற ஒன்றை அவள் எழுதுவாள்.

அதனால் கையெழுத்தை இங்கேயே போட்டுவிட்டு, கடைசி வரியை இரண்டு பேருமாக எழுதுகிறோம். தைரியமாக இரு. கண்ணைத் துடைத்துக்கொண்டு படி.

இப்படிக்கு,
உன் மெக்கானிக்

பரீட்சையை நல்லபடியாக எழுதி முடித்துவிட்டு

வா