சொந்தக் கலம் இல்லாத மீகாமன்

திருவும் திறலும் ஓங்குக. நீள்கரை நாடாளும் கோமான் வெண்திரைக்கோவின் ஆணைவழி நிற்கும் அமைச்சன் அருவந்தை, தென்துறைக் காவலர் மாநாகனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் கலங்கள் நலமே கரை சேர்க. குடிகள் பசியறியாது வாழ்க.

அரச கலங்களைச் செலுத்தும் மீகாமர் பதவிக்கு இவ்வாண்டு நடந்த தேர்வில் நிகழ்ந்ததைத் தாங்கள் அறிதல் வேண்டும். தேர்வுக்கு வருவோர் சொந்தக் கலத்தையே பாறைகளினூடே செலுத்தித் துறை சேர வேண்டும் என்பது பழைய விதி. முத்துக்குளிப்போர் குடியிற் பிறந்த கடலன் என்பார் மூன்று ஆண்டுகள் வந்து நின்றார். கலம் இல்லை என்பதால் மூன்று முறையும் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார். இவ்வாண்டு, தேர்வுக்கு வந்த பெருவணிகர் மகன் தாமனின் கலத்தில் கூலிக்குத் துடுப்பு வலிக்கச் சேர்ந்தார்.

அக்கலம் ஒரு கீறலும் இன்றித் துறை சேர்ந்தது. பாறைகளினிடையே வழி தெரிந்தது எங்ஙனம் என்று கோமான் வினவியருளினார். பதவி கைக்கெட்டிய அந்நேரத்தில் தாமன் சற்றே தயங்கி, "வழி கண்டவன் நான் அல்லன். மூன்றாம் துடுப்பில் இருப்பவர் நீரின் நிறம் பார்த்துச் சொன்னார், நான் சுக்கானைத் திருப்பினேன்" என்று விண்ணப்பம் செய்தார்.

கோமான் தேர்வுக்கெனத் தமது கலத்தையே கடலனுக்கு அளித்தார். கடலறிந்த கடலனுக்குச் சுக்கான் புதிது. பிறர் கலத்தில் அதைத் தொட அவரை யாரும் விட்டதில்லை. முதல் திருப்பத்திலேயே கலம் மணல்மேட்டில் ஏறி நின்றது. கரையிலிருந்த அதிகாரிகள் நகைத்தனர். எல்லாம் முடிந்ததென்று எண்ணிக் கடலன் தலைகுனிந்து கரையேறினார்.

அப்போது தாமன் மீண்டும் முன்வந்து, "சுக்கான் பழகுகையில் நான் மூன்று கலங்களை உடைத்தேன். என் தந்தை நான்காவதை வாங்கித் தந்தார். இவர் ஒருமுறைதான் மணலில் ஏற்றினார்" என்றார்.

நகைத்தவர்களோடு, முன்னொரு காலத்தில் தந்தையின் கலத்திலேயே பழகி இதே தேர்வில் வென்ற யாமும் நாணினோம். கோமான் கடலனுக்கு ஏழு நாள் பழகும் தவணை அளித்தார். எட்டாம் நாள், எதிர்க்காற்றில், எவரும் துணியாத வடக்கு வழியே அவர் கலத்தைக் கொணர்ந்தார். கரையில் நின்ற அவர் மனைவி வாய்பொத்தி அழுததைக் கண்டோம்.

ஆதலின் கோமான் ஆணை இது: சொந்தக் கலம் வேண்டும் என்னும் விதி இன்றோடு ஒழிந்தது. துறைதோறும் பழகுவதற்கென இரண்டு அரச கலங்கள் நிற்கட்டும். எக்குடியினர் கேட்பினும் சுக்கான் அவர் கையில் தரப்படுக. பழகுங்கால் நேரும் சேதம் அரசையே சாரும். அதன்பொருட்டு எவரையும் விலக்குதல் கூடாது. தாமன் அடுத்த ஆண்டு மீண்டும் தேர்வுக்கு வர விரும்பி, இப்போது கடலனிடம் நீரின் நிறம் கற்று வருகிறார்.

தங்கள் துறைக்குரிய இரண்டு கலங்களும் இவ்வோலையுடன் வருகின்றன. முன்கலத்தைச் செலுத்தி வருபவர் அரச மீகாமர் கடலன். அவரைத் தாங்களே துறைக்கு வந்து எதிர்கொள்க.

இது கோமான் திருவாய்மொழி. சங்கு இலச்சினை இட்டோம்.