மலைநாட்டுத் தூதர் இன்னும் அமராத செய்தி

புனல் வற்றாதிருக்க, கரை கரையாதிருக்க! ஏழு குன்றும் ஏறி ஒன்றிலும் மூச்சு வாங்காதவரும், கரடிக்கு வழிவிடாமல் கரடியையே வழிவிடச் செய்தவருமாகிய மலைநாட்டுக் கோமகன் குன்றாடர் திருமுன்பு, நெடும்புனலாற்றின் நடுவே ஒரே தீவும் அதைச் சுற்றி ஒரே வழியும் உடைய கொக்குத்துருத்தி அரசி புனல்நங்கையாரின் அமைச்சர் சாத்தன் ஊரன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் தேனும் தினையும் பெருகுக. இங்கு மீன் நலம், கொக்கு நலம்; கால்கள் மட்டும் நலமில்லை.

தங்கள் தூதர் வேழநம்பியாரை நாங்கள் சிறை வைத்ததாகவும், முழுமதிக்குள் அவர் திரும்பாவிடில் நூறு தெப்பங்களில் படை ஏறி வருமென்றும் தாங்கள் விடுத்த ஓலை கண்டு அவை முழுதும் நடுங்கியது. கோமகனே, இத்தீவில் சிறை என்று ஒன்று இல்லவே இல்லை. தூதருக்கு நேர்ந்தது வேறு.

பதினெட்டு ஆண்டு பிறர் ஓலைகளைப் படியெடுத்தே விரல் தேய்ந்த வேழநம்பியாருக்கு இதுவே முதல் தூது. தாங்கள் எம் தீவைச் சுற்றிப் பார்க்க விரும்புவதாகவும், வந்து சுற்றும் முறை யாதென்றும் கேட்கும் ஓலையாம் அது. அதனை அரசியின் கையில் சேர்க்கும்வரை எங்கும் அமர்வதில்லை, பகலில் கால் ஓய்வதுமில்லை என்று அவர் தங்கள் அவையில் சபதம் செய்தாராம். பாவம், யாரும் கேட்காத சபதம்.

ஆகவே அவர் பரிசலிலும் நின்றே வந்தார். நடு ஆற்றுச் சுழியில் பரிசல் பம்பரமாய்ச் சுற்ற, அவர் எதிர்ப்புறம் சுற்ற, பரிசலோட்டி மூக்கன் சொன்னதை அவன் வாய்மொழியாகவே தருகிறோம்: "சாமி, சுத்துறது பரிசலோட வேலைங்க, நீங்க உக்காருங்க. ஒங்களுக்குக் கும்பிடு போட்டே என் கை ஓஞ்சிபோச்சு." தூதரோ, மலைநாட்டார் சொன்ன சொல் மாறார் என்று மொழிந்து, மொழிந்த கையோடு மூக்கன் மடியில் விழுந்தார். அதை அமர்ந்ததாகக் கொள்ளலாகாது என்று வாதாடியபடியே கரையேறினார்.

எம் தீவின் முறையைத் தாங்களும் அறிதல் நன்று. இங்கு வழி ஆற்றோரமாகவே செல்லும். யாவரும் வலமாகவே நடப்பர். எதிரே திரும்பி ஓரடி வைத்தாலும் ஆறு தீவைத் திரும்பக் கேட்கும் என்பது எம் முன்னோர் நம்பிக்கை. ஒரு வீட்டைத் தவறவிட்டவர் தீவையே சுற்றி வந்துதான் அவ்வீட்டை அடைவார். ஆதலால் விருந்தினர் துறையிலேயே அமர்ந்திருப்பார்; அரசி சுற்றி வந்து தம் கையால் இளநீர் தருவார். விருந்தினர் நடந்தால், அவர் நடைக்கு ஒத்த நடையாக அரசியும் நடக்க வேண்டும். கூடவும் ஆகாது, குறையவும் ஆகாது. விருந்தினரின் நடையை ஊருக்கு ஊர் பறை அறிவிக்கும்.

துறையில் அமருமாறு வேண்டியும் கேளாது தூதர் அரசியைத் தேடி நடந்தார். அக்கணமே அரசி இளநீரோடு தூதரைத் தேடி நடந்தார். தீவின் இவ்விளிம்பில் அவர், அவ்விளிம்பில் இவர். தூதர் ஓடினார், விருந்தினருக்குத் தாகம் போலும் என்று அரசியும் ஓடினார். தூதர் நொண்டினார், அரசியும் முறைப்படி நொண்டினார். அந்திச் சங்கு ஊதினால் இருவரும் நின்றுவிடுவர். தூதர் மரத்தில் சாய்ந்து நின்றபடியே உறங்குவார். விடியற்சங்கு ஊதினால் மறுபடியும் அதே கதை. இன்று ஒன்பதாம் நாள். இளநீர் மட்டும் பதினாறு முறை மாற்றப்பட்டுவிட்டது.

வழியோரம் நிற்கும் மீனவப் பெண் செம்பாத்தி, "ஐயா, செத்த நேரம் குந்துங்க, அம்மாவே வந்துருவாங்க" என்று சுற்றுக்கொரு முறை மன்றாடுகிறாள். நேற்று அத்தூதர் கண் கலங்கி, தாம் அமர்ந்தால் மலைநாட்டில் ஒருவரும் தமக்கு இனி ஓலை தரமாட்டார், மறுபடியும் படியெடுக்கும் அறைதான் கதி என்று உரைத்துக் கடந்தார். அதை அவள் சொல்லக் கேட்டு எமக்கும் நெஞ்சு பொறுக்கவில்லை. அத்தனை உண்மையான மனிதர் எந்நாட்டிற்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

ஆதலின் தெப்பங்களை நிறுத்தியருள்க. அனுப்பினாலும் பயனில்லை; வழி ஓர் ஆள் அகலமே, தங்கள் படையும் வலமாகவே நடக்கும். மாறாகத் தங்கள் இலச்சினை பொறித்து, "வேழநம்பி, உம் தூதில் மகிழ்ந்தோம், அடுத்த தூதும் உமக்கே, அமர்க" என்று ஒரே ஓலை விடுக்க. செம்பாத்தி அதைத் துறையில் நின்று பிடித்துக் காட்டுவாள். தாங்கள் சுற்றிப் பார்க்க வரும் நாளில் முதலில் ஒரு முக்காலி கொண்டு வருக.

எழுத்து கோணல்மாணலாய் இருப்பதைப் பொறுத்தருள்க. அரசி நடக்கையில் அமைச்சன் அமர்வது இந்நாட்டு முறையன்று. படைத்தலைவரும் சமையற்காரரும் அரண்மனை வைத்தியரும் எமக்குப் பின்னால் வருகின்றனர். கொக்கு இலச்சினை, வடமுனைப் புன்னைமரத்தடியில், நடந்தவாறே இடப்பட்டது. விரைந்து ஆணையிடுக, தூதர் மறுபடியும் ஓடத் தொடங்கிவிட்டதாகப் பறை முழங்குகிறது.