பெல்ட்டில் நான் வைக்காத பொருள்

பயிற்சி முகாம், பெண்கள் விடுதி
ஞாயிறு மதியம்

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உங்கள் வீட்டுப் போலீஸ் எழுதுவது. நலமாக வந்து சேர்ந்தேன். துப்பாக்கியும் நலம். கைப்பேசியை வாசலிலேயே ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், பயிற்சி முடிகிறவரை கிடையாதாம். கடிதம் எழுதினால் புதன்கிழமை சாமான் வண்டியில் கொடுத்து அனுப்புவார்களாம். கல்யாணத்துக்கு முன்னால்கூட நான் உங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை. எழுதியிருந்தால் என் கையெழுத்தைப் பார்த்தே ஓடியிருப்பீர்கள். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அது பிறகு. முதலில் வந்த கதையைக் கேளுங்கள்.

விமான நிலைய கவுண்டரில் போய் நின்றுகொண்டு, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? இதை நான் நாலு நாளாக யோசித்தேன். உரக்கச் சொன்னால் வரிசையில் நிற்பவர்கள் தரையில் படுத்துவிடுவார்கள். முணுமுணுத்தால் மிரட்டுகிற மாதிரி இருக்கும். கடைசியில், பதிவு பண்ண வேண்டிய ஒரு விஷயம் கூட வருகிறது என்று மரியாதையாகச் சொன்னேன். அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக, "பூனையா மேடம்?" என்று கேட்டாள். அடையாள அட்டையையும் அனுமதிக் கடிதத்தையும் நீட்டியதும் சிரிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

பிறகு உள்ளே ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு பெரிய மீசைக்காரர். துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று நான் திறந்து காட்ட வேண்டும், அவர் எட்டிப் பார்க்க வேண்டும். தோட்டா வேறு பெட்டி, துப்பாக்கி வேறு பெட்டி, இரண்டுக்கும் பூட்டு. சாவி என்னைத் தவிர யாரிடமும் இருக்கக் கூடாதாம். எல்லாம் சரியாக இருந்தது. எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. வேலைக்கு வேண்டிய மற்ற சாமான்கள் இருந்த பையைக் காட்டி, இதில் ஸ்ப்ரே ஏதாவது உண்டா என்று கேட்டார். பெப்பர் ஸ்ப்ரே விமானத்தில் கூடாது, சார், அது எனக்குத் தெரியாதா, வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அவர் பையைத் திறந்து பெல்ட்டை எடுத்தார். கைவிலங்குக்குப் பக்கத்தில், அதற்கான உறையில், பட்டன் போட்டு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது ஸ்ப்ரே.

என் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! இருபது வருஷம் அடுத்தவர் பொய்யைப் பிடித்தவள், கையும் களவுமாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். "போலீஸே இப்படிச் சொன்னா நாங்க யாரைம்மா நம்புறது?" என்றார் மீசைக்காரர். கோபமாகச் சொல்லவில்லை, அதில்தான் இன்னும் மானம் போயிற்று. அவருடைய மேலதிகாரி வந்தார், அவருக்கு மேலே ஒருவர் வந்தார், எல்லாருக்கும் முதலிலிருந்து விளக்கம். ஸ்ப்ரேயை வாங்கி வைத்துக்கொண்டு என்னை விட்டபோது விமானத்தின் கதவைச் சாத்தப் போகிறார்கள். ஓடிய ஓட்டத்தில் மூச்சு எனக்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

பயணம் முழுக்க ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. அந்த ஸ்ப்ரேயை அலமாரி மேல்தட்டில் வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நம் வாலுப் பெண்ணுக்கு மேல்தட்டு எட்டாது. அப்படியானால் நீங்கள்தான். மறந்து வைத்துவிட்டுப் போகிறாள் என்று நினைத்துப் பையைத் திறந்திருக்கிறீர்கள். எனக்கு அதில்தான் ஆச்சரியம். நான் பெல்ட்டைக் கழற்றினாலே எழுந்து தச்சுப் பட்டறைக்குப் போய்விடுகிற ஆள் நீங்கள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதைத் தொட்டுப் பார்த்ததில்லை, இது என்ன, அது என்ன என்று கேட்டதில்லை. அதில் எத்தனையோ உறை இருக்கிறது, டார்ச்சுக்கு ஒன்று, தோட்டாவுக்கு இரண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களே தடுமாறுவார்கள். சரியான உறை எது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இதோடு இன்னொன்றும் சேர்ந்து மண்டையைக் குடைகிறது. துப்பாக்கித் தேர்வில் நான் இரண்டு தடவை தோற்றது உங்களுக்குத் தெரியும். இந்தப் பயிற்சியில் மூன்றாவது தடவை. இதிலும் போனால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, ஓய்வு பெறுகிறவரை மேசை வேலைதான், வெளியே காலெடுத்து வைக்க முடியாது. வாசலில் என்னை வழியனுப்பும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "தோத்தா தோத்துட்டுப் போ. உனக்கு ஆபீஸ் மேசை நானே செஞ்சு தர்றேன், ட்ராயர் வச்சு." நானும் சிரித்தேன். விமானத்தில் உட்கார்ந்து யோசித்தால், தச்சர் ஒருவர் மேசை செய்து தருகிறேன் என்று சொல்வது விளையாட்டா, ஆசையா என்று புரியவில்லை. நான் தோற்க வேண்டும் என்று இருக்கிற ஆள் எதற்காகப் பையைத் திறந்து, விட்டுப்போன சாமானைத் தேடி எடுத்து வைக்க வேண்டும்? என் வேலையே துப்புத் துலக்குவது. சொந்தப் புருஷன் விஷயத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

இங்கே அறையில் என்னோடு ஒரு அக்கா இருக்கிறார். வேறு ஊர்க் காவல் நிலையம். ஆள் மலை மாதிரி, குறட்டை அதைவிடப் பெரியது. என் பெப்பர் ஸ்ப்ரே கதையைக் கேட்டுவிட்டு, "இடுப்புல துப்பாக்கி இருக்கறவளுக்குப் புருஷன் ஸ்ப்ரே குடுத்தனுப்பறானா! குடுத்து வச்சவடி நீ" என்று கட்டில் ஆடச் சிரித்தார். சாப்பாட்டுக் கூடம்வரை பரப்பிவிட்டார். இப்போது என் பெயரே ஸ்ப்ரே.

பயிற்சியாளர் அம்மா பற்றிச் சொல்ல வேண்டும். குள்ளமான ஆள், வாய் மட்டும் நீளம். முதல் நாள் என் இலக்கு அட்டையைப் பார்த்துவிட்டு, "ஆளைச் சுடச் சொன்னா செருப்பைச் சுடுறியே, அவன் உன்கிட்ட செருப்பா கடன் வாங்கினான்?" என்றார். என் குண்டுகள் எல்லாம் கீழேயே போகின்றன. ஒரு வருஷமாக இதே கதைதான். அதற்கு முன்னால் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடுவில் அடிப்பேன். கண் டாக்டரிடம்கூடப் போய் வந்தேனே, நினைவிருக்கிறதா? கண்ணில் ஒன்றுமில்லை என்றார். அப்படியானால் வேறு எதில் என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

வாலு ஒழுங்காகப் படிக்கிறாளா? பட்டறையில் ஆணிப் பெட்டியைக் கீழே வைக்காதீர்கள். மீதி பிறகு எழுதுகிறேன், அக்கா துணி துவைக்கக் கூப்பிடுகிறார்.

செவ்வாய் மாலை

வண்டி நாளைக்குத்தான். அதனால் இதே கடிதத்தில் தொடர்கிறேன்.

நேற்றுக் காலை பயிற்சியாளர் அம்மா ஒரு வேலை செய்தார். என் துப்பாக்கியை வாங்கி, முதுகைத் திருப்பிக்கொண்டு, அவரே தோட்டா போட்டுக் கொடுத்தார். நடுநடுவே வெடிக்காத டம்மித் தோட்டா. எது நிஜம், எது டம்மி என்று எனக்குத் தெரியாது. சுட்டேன், வெடித்தது. மறுபடி விசையை அழுத்தினேன், 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். ஆனால் துப்பாக்கியின் முனை அப்படியே கீழே தாழ்ந்தது. வெடியே இல்லை, அதிர்ச்சியே இல்லை, என் கை மட்டும் தானாகக் குனிந்து கும்பிடு போடுகிறது. என் கண்ணாலேயே பார்த்தேன். எனக்கு வெட்கத்தைவிட வியப்புதான் அதிகம். என் கை எனக்குத் தெரியாமல் ஒரு வருஷமாக இப்படிச் செய்துகொண்டிருந்திருக்கிறதே!

அம்மா என் தோளைத் தட்டிச் சொன்னார்: "சத்தம் வர்றதுக்கு முன்னாடியே பயப்படறே. வந்தப்புறம் பயப்படு, யார் வேணாம்னாங்க?" எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். தெரியாது என்றுதான் சொல்ல வந்தேன். வாயைத் திறந்ததும் வேறொன்று வந்துவிட்டது.

உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வருஷம், வீட்டுக்குள் பூட்டிக்கொண்ட ஒருவனை வெளியே கூப்பிடப் போனோம். கதவுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். உள்ளே இருந்து சுட்டான். குண்டு என் காதுக்குப் பக்கத்தில் தேக்கு நிலைச்சட்டத்தில் பாய்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவனும் அரை மணியில் அழுதுகொண்டே வெளியே வந்துவிட்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது என் தலைமுடியில் மரத்தூள் இருந்தது. நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டீர்கள். உங்கள் பட்டறைத் தூள்தான் என்று சொன்னேன். சரி என்றீர்கள். உங்களுக்கா தெரியாது? தேக்குத் தூளையும் வேப்பமரத் தூளையும் இருட்டில் மோந்து பார்த்தே சொல்கிற ஆள். அன்றைக்கு உங்கள் பட்டறையில் தேக்கே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதன் பிறகுதான் என் கை கெட்டுப்போனது.

இதைச் சொல்லி முடித்தபோது அழுதுவிட்டேன், துப்பாக்கி சுடுகிற இடத்தில், எல்லார் முன்னாலும். அம்மா தண்ணீர் கொடுத்தார். பிறகு நாள் முழுக்க டம்மியும் நிஜமுமாகப் போட்டுப் போட்டுச் சுடச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் விசையை அழுத்துவதற்கு முன்னால், பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெரிய கூத்து. பக்கத்தில் நின்ற அக்கா சிரித்துச் சிரித்து இலக்கையே தவறவிட்டார். "பயமா இருக்கு" என்று நான் சொல்லச் சொல்ல, சாயங்காலம் ஆவதற்குள் முனை தாழ்வது நின்றுவிட்டது. இது எப்படி வேலை செய்கிறது என்று அம்மாவிடம் கேட்டேன். அவருக்கும் தெரியாதாம், வேலை செய்கிறது, அது போதும் என்றார்.

இன்று காலை தேர்வு. தேறிவிட்டேன்.

யாரிடம் சொன்னாலும் கைகொடுத்துவிட்டுப் போவார்கள். உங்களிடம் சொல்லத்தான் பேனா தயங்குகிறது. தெருவில் போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டால் அப்பா ரம்பத்தை நிறுத்திவிட்டு நிற்பார், வண்டி போன பிறகுதான் மறுபடி அறுப்பார் என்று வாலு ஒரு நாள் என்னிடம் சொன்னாள். மரத்தில் கணு வந்திருக்கும் என்று அவளிடம் சமாளித்தேன். நான் தேறியதால் இன்னும் பல வருஷம் நீங்கள் அப்படி நிற்க வேண்டியிருக்கும். எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். ஆனால் என் சந்தோஷத்துக்கு நீங்கள்தானே விலை கொடுக்கிறீர்கள்.

நான் தோற்க வேண்டும் என்று நினைத்தீர்களா என்று இனிமேல் கேட்கமாட்டேன். நினைத்திருந்தாலும் தப்பில்லை. நினைத்துக்கொண்டேதான் அந்த ஸ்ப்ரேயையும், தொடாமலே பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்ட உறையில், எடுத்து வைத்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே ஆள்தான் என்பது இப்போது எனக்குப் புரிகிறது.

சனிக்கிழமை வந்துவிடுவேன். வந்ததும் "நல்லதுதான்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டுப் பட்டறைக்குப் போய்விடாதீர்கள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே சொல்லுங்கள். நான் வேலையை விடமாட்டேன், நீங்களும் விடச் சொல்லமாட்டீர்கள். ஆனாலும் சொல்லுங்கள். எனக்கும் பயம்தான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இத்தனை நாள் ஆளுக்கொரு பக்கமாகப் பயந்துவிட்டோம். இனிமேல் சேர்ந்து பயப்படலாம், வாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாலுக்கு என் முத்தம்.

என்றும் உங்கள்,
வீட்டுப் போலீஸ்