வருகைப் பதிவேட்டில் ஒரு புதன்கிழமை

இன்று காலை முதியோர் இல்லத்தின் மேற்பார்வையாளர் வருகைப் பதிவேட்டை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். நான் எழுத வேண்டிய வரிகளின் ஓரத்தில் பென்சிலால் பெருக்கல் குறி. மூன்று மாதம், மூன்று குறி. திறந்ததும் புண்மருந்து வாசம். நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள், அங்கிள். மூடி வைத்தேன்.

செமிலிங் பக்கம் இருக்கும் அந்த இல்லத்தை நடத்தும் செயலவையில் என்னைச் சேர்த்ததற்குக் காரணம் என் பட்டம். கடிதத்தாளில் பெயருக்குப் பின்னால் போட ஏதாவது வேண்டியிருந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். சட்டவிதிப் புத்தகம் தந்தார்கள். நான் ஒருத்திதான் அதைப் படித்திருப்பேன். செயலவையினர் ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை சொல்லாமல் வரவேண்டும். முதியவர்களோடு உட்கார்ந்து பகல் சாப்பாடு சாப்பிடவேண்டும். அவர்கள் உடம்பைப் பார்க்கவேண்டும், பார்த்ததை எழுதவேண்டும். மேற்பார்வையாளர் மறுத்தாலும் ஒருவரை மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லும் அதிகாரம் வந்தவருக்கு உண்டு.

படித்தேன். ஒருமுறை வந்தேன்.

"வாங்க போர்டு மெம்பர். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கே, வழி தவறிட்டீங்களா?" என்றீர்கள். கட்டிலில் இருந்தபடியே என் தட்டுக்கு இடம் ஒதுக்கினீர்கள். நீங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டிரசராக இருந்தவர். இருபது வருடம் அடுத்தவர் புண்களுக்குக் கட்டுப் போட்டவர். நான் புறப்படும்போது சொன்னீர்கள்: "போர்வை மடிச்சிருக்கிற அழகைப் பாக்காதீங்கம்மா. தூக்கிப் பாருங்க."

தூக்கிப் பார்த்தேன். அப்போது உங்கள் கால் நன்றாகத்தான் இருந்தது.

பிறகு மூன்று மாதம் வரவில்லை. ஒரு புதன்கிழமை நீங்கள் போன் செய்தீர்கள்.

"கால்ல வாசம் வருதும்மா. இந்த வாசம் எனக்குத் தெரியும். இங்க மேற்பார்வை பாக்கிறவன் மஞ்சத்தூள் வெச்சுக் கட்டுறான், ஆஸ்பத்திரி வேணாங்கிறான். நீங்க ஒரு தடவை வந்து பாத்துச் சொன்னா அனுப்பித்தான் ஆகணும்."

"பேப்பர் திருத்திக்கிட்டு இருக்கேன் அங்கிள். அடுத்த வாரம் கண்டிப்பா."

"சரிம்மா. புண்ணுகிட்டயும் சொல்லி வைக்கிறேன் லா. அடுத்த வாரம் வரைக்கும் இருன்னு."

சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அதை அப்போதே கவனித்தேன்.

அந்த ஞாயிறு பீடோங்கில் செயலவைக் கூட்டம். வழக்கம்போல் பதிவேடு மேசையைச் சுற்றி வந்தது. மூன்று மாத வருகையையும் ஒரே பகலில் எழுதுவோம். தலைவர் அதற்காகவே சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார். மாதத்துக்கு ஒன்று. மை மாறவேண்டும் அல்லவா? கடைசி வரிக்குத் தேதி தேடினேன். நீங்கள் போன் செய்த நாள்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது. எழுதினேன்: 'புதன்கிழமை. அனைவரும் நலம். உணவு திருப்தி.' கையெழுத்து.

உங்கள் காலைப் பற்றி அந்த மேசையில் சொல்லியிருக்கலாம். அதற்குள் சாப்பிட மீ கோரெங் தட்டுகள் வந்துவிட்டன.

செவ்வாய்க்கிழமை உங்களைச் சுங்கைப் பட்டாணி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். காலைத் தொடைவரை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை இறந்துபோனீர்கள்.

பல வாரம் பழைய புண் என்று மருத்துவர் எழுதியிருந்தார். அதனால் நலத்துறையிலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். என் வயது மலாய்ப் பெண். முந்தைய நாள் தலைவர் என்னை அழைத்திருந்தார்.

"நீ போனே, பாத்தே. அவ்வளவுதான். போகலைன்னு சொன்னா லைசென்ஸ் போயிடும். மிச்சம் பதினாலு கிழங்களையும் உன் வீட்டு ஹால்ல படுக்க வெச்சுக்குறியா?"

அந்தப் பதினாலு பேருக்காகத்தான் பொய் சொன்னேன் என்று உங்களிடமாவது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் புண்ணைப் பார்த்தே வயது சொல்பவர். என் பெயருக்காகச் சொன்னேன்.

அதிகாரி பதிவேட்டில் விரல் வைத்து, "புதன்கிழமை வந்திருக்கிறீர்கள். காலைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"காட்டச் சொன்னேன். அவர் மறுத்துவிட்டார்," என்றேன்.

"ஏன்?"

"பிடிவாதக்காரர். டிரசராக இருந்தவர். தனக்கே எல்லாம் தெரியும் என்பார்."

எழுதிக்கொண்டார். உங்கள் கோப்பில் கடைசி வரி அதுதான்: தங்கியிருந்தவர் சோதனைக்கு மறுத்தார். அதோடு விசாரணை முடிந்தது. எழும்போது, பேச்சுவாக்கில், அன்று என்ன சாப்பாடு என்று கேட்டார்.

நான் தயங்கவில்லை. சோறு, கெம்போங் மீன் குழம்பு, கங்கோங் கீரை. முள் எடுத்துவிட்டு உங்கள் மீனில் பாதியை என் தட்டில் வைத்தீர்கள் என்றேன். அதிகாரியின் கண் கலங்கியது.

உங்களோடு உண்மையில் சாப்பிட்ட அன்று தட்டில் என்ன இருந்தது? எவ்வளவு யோசித்தும் வருவதில்லை, அங்கிள். இந்த மீன் வருகிறது. உங்கள் விரல்கள் முள்ளை உருவுகின்றன. சாப்பிடுங்கம்மா என்கிறீர்கள். போர்வை கழுத்துவரை மடிப்புக் கலையாமல் இருக்கிறது. நான் சாப்பிடுகிறேன்.