அருவி தெரியாத மாடி வீடு

மேலகரம், தென்காசி

அன்பு மகன் முஃபீதுக்கு உன் உம்மா அலிமாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் தங்கை ஹம்னாவும் நன்றாக இருக்கிறோம், சாரல் தொடங்கியதால் என் முழங்கால்தான் கொஞ்சம் அடம்பிடிக்கிறது, ஷார்ஜா வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று தெரிந்ததால்தான் இந்தக் கடிதம். நான் சொல்லச் சொல்ல ஹம்னா எழுதுகிறாள். வெள்ளிக்கிழமை அங்கே திரும்பும் கிதிர் முகம்மதுவிடம் நார்த்தங்காய் ஊறுகாயோடு கொடுத்துவிடுகிறேன், நிதானமாகப் படி.

மாடியில் இரண்டு போர்ஷனையும் வாடகைக்கு விட ஆன்லைனில் விளம்பரம் போட்டாயே, அதனால் போன ஞாயிறு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ராஜபாளையத்துக்காரர்கள் பதினோரு பேர், தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக விறுவிறுவென்று மாடி ஏறிப் போய், அருவி எங்கன இருக்கும்மா, பாத்ரூமுக்குப் பின்னாலயா என்று கேட்கிறார்கள். அதற்குப் பிறகுதான் ஹம்னாவை அந்த விளம்பரத்தை வாசிக்கச் சொன்னேன். வீட்டிலிருந்தே குற்றால அருவி, இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் என்று எழுதியிருக்கிறாய். ஏலே, இந்த வீட்டில் வளர்ந்தவன்தானே நீ? தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றாலும் மலைதானே தெரியும், குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தானே தண்ணீர் வருகிறது? எண்ணெய்த் தலையோடு நின்ற அத்தனை பேருக்கும் டீ போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

அதையாவது சிரித்துவிட்டு விடலாம். கடைசி வரியில் முஸ்லிம் குடும்பங்களுக்கு மட்டும், தனிப் பெண்கள் அழைக்க வேண்டாம் என்று போட்டிருக்கிறாயே, அதை எப்படி விடுவது? போன வருடம் ஹம்னாவுக்கு மதுரையில் வேலை கிடைத்து நாங்கள் மூன்று நாள் வீடு தேடி அலைந்ததை மறந்துவிட்டாயா? பேரைச் சொன்னதும் ஒருவர் சாவியைக் காணோம் என்றார், சாவி அவர் கையில்தான் இருந்தது. இவள் சர்டிபிகேட் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள், அந்த வேலையும் போயிற்று. அன்றைக்குப் போனில் நீதானே அந்த மனிதரை அப்படித் திட்டினாய்?

நேற்று வித்யாலட்சுமி என்று ஒரு பெண் வந்தாள். கோவில்பட்டிக்காரி, இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக ஒன்றாம் தேதி சேர வேண்டும், நான்கு வீட்டில் இல்லை என்றுவிட்டார்கள். நீயும் ஒன்லி ஃபேமிலி என்று பதில் அனுப்பினாயாம். வீடு வாடகைக்கு என்று நம் கேட்டில் தொங்கிய போர்டைப் பார்த்து, அதே வீடென்று தெரியாமல் உள்ளே வந்திருக்கிறாள். நானும் எங்கம்மையும் மட்டுந்தான், ஆம்பள ஆளு கிடையாது, எங்களையும் குடும்பம்னு சேத்துக்கிடுவியளா என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். உங்க பாதுகாப்புக்குத்தான் உம்மா என்று சமாதானம் சொல்வாய், தெரியும். வாப்பா மௌத்தான பிறகு இந்த வீட்டில் இருப்பது நானும் உன் தங்கையும்தான். எங்கள் இரண்டு பேரில் ஒருத்தி வீடு கேட்டு உனக்குப் போன் செய்திருந்தால் நீ என்ன பதில் அனுப்பியிருப்பாய்?

முன்போர்ஷன் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டேன். பின்போர்ஷனுக்கு ஹம்னா எழுதிய புது விளம்பரம் இது: மேலகரத்தில் மாடி வீடு, இரண்டு அறை, சமையலறை. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். படி செங்குத்து. அருவி தெரியாது, ஜன்னலைத் திறந்தால் சாரல் வரும். யாரும் வந்து பார்க்கலாம். பழையதை எடுக்கலாமென்றால் ஓடிபி உன் போனுக்குத்தான் வருகிறதாம், ஆகவே இதைப் படித்த கையோடு நீயே மாற்று. மாற்றிவிட்டு அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை மன்னிப்பும் அனுப்பு.

வேளைக்குச் சாப்பிடு, தொழுகையை விடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல புத்தியையும் தரட்டும்.

உன் உம்மா,
அலிமா

அண்ணனுக்கு ஹம்னாவின் ஸலாம். மதுரை விஷயத்தை எழுத வேண்டாம் என்றுதான் சொன்னேன், உம்மா கேட்கவில்லை. நான் எழுதிய விளம்பரத்தில் படி செங்குத்து என்பதை மட்டும் எடுத்துவிடாதே.