பத்துப் பேர் பிடித்த குதிரை

ஜூலை 3, புதன்
சட்டம் படிக்கிற பிள்ளைகள் ஆறு பேரையும் அவர்களுக்குப் படிப்பிக்கிற முத்துலிங்கம் சேரையும் பேராதனையிலிருந்து என் வேனில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏற்றி வந்தேன். காடு, ஆறு, மண், தண்ணீர் எல்லாவற்றுக்கும் தனிச் சட்டம் இருக்கிறதாம். புத்தகத்தில் படித்தது போதாதென்று எங்கள் லயத்து வரிசை வீடுகளின் தண்ணீர்ப் பீலியில் பழக வந்திருக்கிறார்கள். சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நான் கைவிட்டாலும், இந்த மலைத் தண்ணீரை என்னைவிட அறிந்தவர் கண்டி மாவட்டத்தில் இல்லை. மாகாணத்தில் என்றே எழுதலாம்.

நாற்பது வீட்டுக்கும் ஊற்றுத் தண்ணீர் வந்து விழுகிற இந்த ஒரே பீலிதான். மேலே வந்த புது ஹோட்டல்காரர் ஊற்றிலேயே குழாய் போட்டு இழுத்துவிட்டார். பிள்ளைகள் வாளியை வைத்து ஃபோனில் நேரம் பார்த்தார்கள். வாளி நிரம்ப ஆறு நிமிஷம்!

22ஆம் திகதி பிரதேச செயலகத்தில் இதற்கு விசாரணை. லயத்துச் சனம் பத்துப் பேர் சத்தியம் செய்து கையெழுத்து வைத்த சத்தியக்கடதாசி வேண்டுமாம்; பிள்ளைகள் கேட்டு எழுதுவார்களாம். "பத்துப் பேரையும் நானே பொறுக்கித் தாறேன் சேர்" என்றேன்.

ஜூலை 4
ஒருவர் ஒன்று சொல்லி இன்னொருவர் வேறொன்று சொன்னால் காரியம் கெட்டுவிடும். அதனால் சாயந்திரம் கோயில் முன்னால் பத்துப் பேரையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்தேன். வெள்ளைக்காரத் துரையின் குதிரை வேறெங்கும் தண்ணீர் குடிக்காதாம், இங்கே மட்டும் குடித்ததாம், அந்தச் சந்தோஷத்தில் துரை பீலி கட்டிக் கொடுத்தாராம். என் சொந்தச் சரித்திரம். முதலில் கழுதை என்றுதான் வைத்திருந்தேன்; குதிரை இன்னும் எடுப்பு. "கடிவாளத்தை நான்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்" என்று முடித்து, நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் சொல்லுங்கள் என்று கட்டளை போட்டேன்.

பத்துப் பேரில், பேத்தி எடுத்த வீரம்மா அக்காவுக்குத்தான் மண்டையில் ஏற நேரமானது. ஏறினால் இறங்காது.

ஜூலை 8
பிள்ளைகள் வீடு வீடாகப் போய்த் தனித்தனியாகக் கேட்டு எழுதினார்கள். பத்தும் முடிந்தது. வெற்றி! வெற்றி!

ஜூலை 9
மாணவி நிரோஷா எனக்கு ஃபோன் எடுத்தாள். நாளைக்கு வருகிறார்களாம். பாராட்டத்தான். ஒரு குவளைத் தண்ணீரில் சவரம் செய்துகொண்டேன்.

ஜூலை 10
பாராட்ட இல்லை.

நிரோஷா பத்துத் தாளையும் வாங்குப் பலகையில் பரப்பினாள். "அங்கிள், குதிரை ஒன்னு. கடிவாளத்தப் புடிச்சவங்க பத்துப் பேர்."

"பெரிய குதிரைம்மா."

அக்குறணைப் பையன் ஆகிப்புக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பல்லேகலயில வேல செய்ற ஜீவன் பொறந்தது தொண்ணூத்தேழுல அங்கிள். அவரும் புடிச்சீக்கிறாரு."

முத்துலிங்கம் சேர் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, இது பொய்ச் சத்தியம் எண்டு ஹோட்டல்காரரின்ர லோயர் ஒரு கேள்வியில காட்டிப்போடுவார். குதிரையோட தண்ணியும் போயிடும். நல்லகாலம், சனம் இன்னும் கையெழுத்து வைக்கேல்ல."

காது சுட்டது. நாற்பது வீடு! ஏன்டா இருளப்பா, ஒன்ன யாருடா குதிரை கேட்டா?

ஜூலை 11
வீடு வீடாகப் போய்க் குதிரையை அவிழ்த்தேன். நம்பினால்தானே!

"குதிரையே இல்லக்கா. நான் சும்மா கட்டிவிட்டது."

"டே, பொய் பேசாத" என்றது வீரம்மா அக்கா. "அது நொண்டிக் குதிரை. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"நொண்டின்னு நான் சொல்லவே இல்லயே!"

"நீ முன்னால நின்ன. கால எங்க பாத்த?"

சிரித்துச் சிரித்து விலா பிடித்துக்கொண்டது. பயமாகவும் இருந்தது — இவர்கள் இதையே விசாரணையில் சொன்னால்? வேறு வழியில்லை. எல்லோரையும் மறுபடி கோயிலுக்குக் கூப்பிட்டு, சூடத்தைக் கொளுத்தி, கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தேன்: குதிரை இல்லை. இல்லாத குதிரைக்குச் சூடம் அடித்தவன் இந்த இலங்கையில் நான் ஒருவன்தான்.

"அப்ப நாங்க என்னத்தடா சொல்றது?" என்றது அக்கா.

"கண்ணால பாத்தத."

ஜூலை 15
மறுபடியும் கேட்டு எழுதினார்கள். அக்கா சொன்னது: "போன பொங்கலுக்கு அப்புறம் கொழாய் வந்துச்சு. இப்ப அஞ்சு மணிக்கு வரிசையில நின்னா ஏழுக்குத்தான் ரெண்டு கொடம். பேத்தி மொகம் கழுவாமப் பள்ளிக்கூடம் போகுது." ஜீவனின் ஃபோனில், குழாய் புதைக்கும்போது எடுத்த போட்டோவே இருந்தது, திகதியோடு! போன தடவை ஏன்டா காட்டவில்லை என்றால், "நீங்க குதிரைய மட்டுந்தானே சொல்லச் சொன்னீங்க மாமா" என்கிறான்.

என்னுடையது மூன்றே வரி. இவ்வளவு சின்னதாக நான் எதையும் சொன்னதில்லை. கையெழுத்தையாவது பெரிதாகப் போட்டேன்.

ஜூலை 22
விசாரணை. மூன்று அமைச்சர்கள் வந்திருந்தார்கள் என்று எழுதத்தான் கை வருகிறது. ஓர் அதிகாரி, ஒரு மின்விசிறி.

ஹோட்டல்காரரின் லோயர் என்னைப் பார்த்து, "இந்தப் பீலியைக் கட்டியது யார்?" என்று கேட்டார். துரை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டார், தொப்பியோடு. பின்வரிசையில் நிரோஷா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெரியாதுங்க" என்றேன். "நான் பொறக்கும்போதே இருந்துச்சு."

லோயர் தாளைப் புரட்டினார். வேறு கேள்வி இல்லை.

ஆகஸ்ட் 9
செயலகத்தின் உத்தரவு வந்து, ஹோட்டல் ஆட்கள் குழாயைத் தோண்டி எடுத்துப் போனார்கள். பக்கத்தில் நின்று நான்தான் மேற்பார்வை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு
காலையில் பீலியில் குளித்தேன். மத்தியானம் மறுபடியும் குளித்தேன். சும்மா.